வாக்கிங் போற வழியில ஆறுமணிக்குருவி: வாசகர் கேள்வி பதில்

மழை ஆரம்பிச்சதுலேந்து வர்ற கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே சங்கதிதான். காலைல நடக்கப் போனேன், ஓடப் போனேன், சைக்கிள் எடுத்துட்டுப் போனேன், அங்க இதுவரைக்கும் பாக்காத ஒரு பறவைய பாத்தேன், அது என்ன, நான் என்ன செஞ்சிருக்கணும். அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துட்டேன். முதல் கடிதத்துக்கு பதில் நீளமா போயிடுச்சு, அது அப்படித்தான் போகும், பொறுமையா படிங்க.

அக்கா, சுகருக்காக தினமும் நாப்பது நிமிஷம் நடக்கணும்னு டாக்டர் சொன்னதால காலைல அஞ்சே முக்காலுக்கு புதுச்சேரி தாவரவியல் பூங்காவுக்குப் போயிடுவேன். போன வாரம் ராத்திரி முழுக்க மழை, விடியறப்ப விட்டுடுச்சு. மூணாவது ரவுண்டு போறப்ப மரத்தடியில ஈரச் சருகுக்கு நடுவுல ஒரு குருவி நிக்குது. மைனாவ விட கொஞ்சம் சின்னது. பச்ச முதுகு, சந்தனக் கலர் வயிறு, வாலுக்குக் கீழ குங்குமம் கொட்டுன மாதிரி செவப்பு, கண்ணுல மை தீட்டுன மாதிரி பட்டையா கருப்பு, ரெக்கையில ஒரு எடத்துல பளபளன்னு நீலம். வால் இருக்கறதே தெரியல. பறக்காம தத்தித் தத்திதான் போச்சு. அதுக்குள்ள பத்து பதினஞ்சு பேர் கூடி போன நீட்டிட்டு கிட்ட கிட்ட போறாங்க, ஒருத்தர் இது கூண்டுலேந்து தப்பிச்ச வெளிநாட்டுக் குருவின்னாரு, ஒரு அம்மா பிஸ்கட் ஒடச்சுப் போட்டாங்க, இன்னொருத்தர் பாட்டில் மூடியில தண்ணி எடுத்து அது வாயில ஊத்தப் போனாரு. மேல கிளையில ரெண்டு காக்கா வேற. தள்ளி நில்லுங்கன்னு சொன்னா யாரும் கேக்கல. கடைசில அதுவா பொதருக்குள்ள போயிடுச்சு. நாங்க செஞ்சது சரியா?
வாசகி, முத்தியால்பேட்டை

நீங்க பாத்தது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன்னும் சொல்வாங்க. காலைல ஆறு மணி வாக்குலயும் சாயங்காலம் ஆறு மணி வாக்குலயும் ரெண்டு சுருதியில விசில் அடிக்கும், அதனால வந்த பேரு அது. மத்த நேரத்துல பொதருக்கடியில சத்தமே இல்லாம சருக பொரட்டிட்டு இருக்கும், அதான் கள்ளன். இந்தியில நவரங்குன்னு பேரு, ஒம்போது நிறம். நீங்க கடிதத்துல எழுதுன நிறத்த எண்ணிப் பாத்தேன், நின்னு நல்லா பாத்துருக்கீங்கன்னு சந்தோஷமா இருந்துச்சு.

கூண்டுலேந்து வரல, வெளிநாட்டுலேந்தும் வரல. இது நம்ம நாட்டுப் பறவைதான். மழைக்காலத்துல இமயமலை அடிவாரக் காட்டுலயும் நடு இந்தியா காட்டுலயும் கூடு கட்டி குஞ்சு பொரிச்சுட்டு, அங்க மழை முடிஞ்சதும் தெக்க கெளம்பி தமிழ்நாடு, கேரளா, இலங்கை வரைக்கும் வரும். 19 சென்டிமீட்டர் நீளம், எடை கிட்டத்தட்ட ஒரு கோழி முட்ட அளவுதான். அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு அது பறக்கறது ராத்திரியில. ராத்திரியில காத்து குளுமையா இருக்கும், வல்லூறு கழுகு தொந்தரவு கிடையாது, பகல்ல எறங்கி சாப்புட நேரம் கெடைக்கும். ஆனா ஊருக்குள்ள எரியற வெளிச்சம் அத கொழப்பிடுது. மழை மேகம் தாழ்வா இருக்கற ராத்திரின்னா இன்னும் மோசம், வெளிச்சத்த நோக்கி எறங்கி வந்து கண்ணாடி ஜன்னல்ல முட்டிக்கும், இல்லன்னா களைச்சுப்போய் எங்க எடம் கெடைக்குதோ அங்க விழும். அக்டோபர் நவம்பர்ல நம்ம கடலோர ஊருல மொட்டமாடி, பால்கனி, பாத்ரூம் வரைக்கும் இது வந்து உக்காந்துருக்கறதுக்குக் காரணம் இதுதான். நீங்க பாத்த காலைக்கு முந்தின ராத்திரி மழைன்னு எழுதியிருக்கீங்களே, அதுலயே பதில் இருக்கு.

அப்ப அது பறக்காம நின்னது அடிபட்டதாலயா? அவசியம் இல்ல. இது தரையில நடந்து இரை தேடற பறவை. சருக அலகால தள்ளிட்டு கீழ இருக்கற மண்புழு, பூச்சி எடுத்துத் தின்னும். தத்தித் தத்திப் போனதுதான் அதோட நடை. ராத்திரி பூரா பறந்து வந்து பசியோட எறங்கி காலை டிபனுக்கு சருக பொரட்டிட்டு இருந்துருக்கு, அந்த நேரம் பாத்து பதினஞ்சு பேர் சுத்தி நின்னா அது எப்படி சாப்புடும் சொல்லுங்க. நாம கூட்டமா போறப்ப அது பொதர விட்டு வெட்டவெளிக்கு வரும், வெட்டவெளிக்கு வந்தா காக்கா வெரட்டும். ஆறுமணிக்குருவிய காக்கா தொரத்தறத நான் எத்தனையோ தடவ பாத்துருக்கேன். மேல உக்காந்துருந்த அந்த ரெண்டும் அதுக்குத்தான் காத்துட்டு இருந்துச்சுங்க.

அதனால செய்ய வேண்டியது ஒண்ணுதான், பதினஞ்சு இருபது அடி தள்ளி நில்லுங்க. முடிஞ்சா அதுக்கும் காக்காவுக்கும் நடுவுல நில்லுங்க. பொதர் பக்கம் போக வழி விடுங்க. படம் எடுங்க, நான் வேணாம்னு சொல்லல, நின்ன எடத்துலேந்து எடுங்க, ஃபிளாஷ் வேணாம். நெட்டுல அதோட சத்தத்த தேடி எடுத்து ஸ்பீக்கர்ல போட்டுக் கூப்புடவே கூடாது, இன்னொரு குருவி தன் எடத்துக்குள்ள வந்துருச்சுன்னு நெனச்சு இருக்கற தெம்பையும் செலவு பண்ணிடும்.

தண்ணி விஷயத்த தனியா சொல்லணும். பல வருஷம் முன்னாடி பீச் ரோட்டுல நடந்துட்டு இருந்தப்ப ஒரு கட்டடத்து கண்ணாடிக்குக் கீழ இதே குருவி கண்ண மூடிட்டு உக்காந்துருந்துச்சு. எடுத்துட்டு வீட்டுக்கு ஓடியாந்து இங்க் ஃபில்லர்ல தண்ணி விட்டேன், வாயத் தொறந்து விட்டேன். அஞ்சு நிமிஷத்துல என் கையிலயே போயிடுச்சு. அப்புறம் ஒரு கால்நடை டாக்டர்கிட்ட கேட்டப்பதான் சொன்னாரு, பறவைக்கு மூச்சுக்குழாயோட வாய் நாக்குக்குப் பின்னாடியே இருக்கு, நாம ஊத்தற தண்ணி நேரா நுரையீரலுக்குப் போயிடும்னு. முட்டுன அதிர்ச்சியில இருந்து தானா தெளிஞ்சிருக்க வேண்டிய குருவி அது. அத இன்னிக்கும் என்னால மறக்க முடியல, அதனாலதான் எங்க போனாலும் இத சொல்றேன். அடிபட்ட பறவை வாயில தண்ணி ஊத்தாதீங்க. பிஸ்கட், சோறு, பொரி எதுவும் வேணாம், அது தின்னற பறவையும் இல்ல.

நெஜமாவே முட்டி விழுந்துருந்தா, அதாவது கிட்ட போனாலும் நகராம, கண் சொருகி, ஒடம்ப உப்பிக்கிட்டு உக்காந்துருந்தா, ஒரு துண்ட மேல போட்டு மெதுவா எடுத்து செருப்பு அட்டப்பொட்டியில வைங்க. பொட்டியில நாலு ஓட்ட, அடியில பழைய துணி, மூடி போட்டு இருட்டா, சத்தம் இல்லாத எடத்துல, ஃபேனுக்கு அடியில இல்லாம. கொழந்தைங்களுக்கு காட்டணும்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ தொறக்காதீங்க. ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல உள்ள கால் தேய்க்கற சத்தம் கேக்கும், அப்ப பூன, நாய் இல்லாத, மரமும் பொதரும் இருக்கற எடத்துக்கு எடுத்துட்டுப் போய் தரையில வச்சு மூடிய தொறந்துட்டு நகந்துடுங்க. ரெக்க தொங்குனாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்கு சொல்லிட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அழகா இருக்குன்னு வீட்டுல வச்சுக்கறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், சட்டம் கெடக்கட்டும், அது கூண்டுல பொழைக்காது.

இன்னொண்ணு. அந்தப் பூங்கா 1826-லேந்து இருக்கு, அத்தன வயசான மரம், அத்தன சருகு, அதனாலதான் அந்தக் குருவி அங்க எறங்குச்சு. நம்ம தெருவுல, அபார்ட்மென்ட்ல மரத்தடிய தெனம் கூட்டிப் பெருக்கி சருக கொளுத்தறோம், சிமென்ட் போட்டு மூடறோம், சுத்தமா இருக்குன்னு நெனக்கறோம். சருகு இருந்தாத்தான் புழு, புழு இருந்தாத்தான் இது. நீங்க நடக்கற எடத்துல பெருக்கறவங்ககிட்ட பேசிப் பாருங்க, நடபாதைய மட்டும் கூட்டிட்டு மரத்தடிய அப்படியே விடச் சொல்லுங்க. அவங்களுக்கும் வேல மிச்சம்.

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்துல நாங்க நாலு பேரு தெனம் ஜாகிங். போன ஏப்ரல்ல ஒரு பறவை எங்கள கண்டாலே கத்திக்கிட்டு தலைக்கு மேல பாய்ஞ்சு பாய்ஞ்சு வந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, கல்லோட கல்லா தரையிலயே நாலு முட்ட. பசங்க பாவம்னு நாலு பக்கமும் குச்சி நட்டு செவப்புத் துணி கட்டி வச்சாங்க. ரெண்டு நாள்ல முட்டயக் காணோம். என்ன ஆயிருக்கும்?
வாசகர், லாஸ்பேட்டை

அது ஆள்காட்டி. கண்ணு முன்னாடி செவப்பா தோல் தொங்கும், மஞ்ச கால் நீளமா இருக்கும். ஆள் வந்தா ஊருக்கே கத்தி காட்டிக் குடுக்கறதால அந்தப் பேரு. மார்ச்லேந்து ஆகஸ்ட் வரைக்கும் கூடு வைக்கும், கூடுன்னா குச்சி கிச்சி எதுவும் கெடையாது, தரையில சின்னதா குழி, சுத்தி நாலு கூழாங்கல்லு. முட்ட அப்படியே மண்ணு நிறம், கருப்புப் புள்ளி. மறைச்சு வைக்கறது அதோட வேல, கரெக்டா செய்யும். நாம செவப்புத் துணி கட்டி எல்லாருக்கும் காட்டிக் குடுத்துட்டோம், காக்காவுக்கும் நாய்க்கும் சேத்து. பசங்க மனசு நல்ல மனசு, அவங்கள திட்டாதீங்க, ஆனா அடுத்த தடவ குச்சி வேணாம்னு சொல்லுங்க.

உங்க மேல அது பாயறது கொத்தறதுக்கு இல்ல, வேற பக்கம் இழுத்துட்டுப் போறதுக்கு. அது கத்த ஆரம்பிச்ச எடம்தான் எல்லை, அங்கேந்து ஓடற பாதைய முப்பது நாப்பது அடி தள்ளி மாத்திக்கங்க, ஒரு மாசம் போதும். 28 நாளு 30 நாளுல குஞ்சு வந்துடும், வந்த கொஞ்ச நேரத்துலயே எழுந்து நடக்கும். சித்திர வெயில்ல இதுங்க முட்ட மேல உக்காந்துருக்கறது சூடு குடுக்க இல்ல, நெழல் குடுக்க. பக்கத்துல தண்ணி இருந்தா வயித்து றெக்கைய நனச்சுட்டு வந்து முட்டய குளுமப்படுத்தும். நீங்க ஆர்வமா பத்து நிமிஷம் பக்கத்துல நின்னா அந்தப் பத்து நிமிஷமும் முட்ட வெயில்ல வேகும். இத தெரிஞ்சுக்கிட்டதுலேந்து நான் ஆள்காட்டி கத்துனா நிக்கறதே இல்ல.

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் போலீஸ் செலக்‌ஷனுக்காக தேவனாம்பட்டினம் சில்வர் பீச்ல 1500 மீட்டர் ஓடி பழகறோம் மேடம். டிசம்பர்ல ஓடறப்ப சின்னச் சின்னதா வெள்ளக் குருவிங்க அலை போனா அது பின்னாடியே ஓடுது, அலை வந்தா திரும்பி ஓடியாருது, கால் தெரியாத அளவுக்கு வேகம். நாங்க கிட்ட ஓடுனா மொத்தமா எழும்பி பறந்து போய் முன்னாடி எறங்குது, திரும்ப நாங்க போறோம், திரும்ப பறக்குது. அதுல ஒண்ணுக்கு கால்ல வளையம் மாதிரி ஏதோ இருந்துச்சு. யார் போட்டது?
வாசகர்கள், கடலூர்

தம்பிங்களா, அலையோட ஓடிப் பிடிச்சு வெளையாடற மாதிரி போற அந்த வெள்ளக் குருவி உள்ளான் குடும்பம். மத்த உள்ளானுக்கு பின்னாடி ஒரு சின்ன வெரல் இருக்கும், இதுக்கு கெடையாது, மூணு வெரல்தான், மணல்ல ஓடறதுக்குன்னே அமைஞ்ச காலு. வெளையாட்டு இல்ல அது. அலை இழுத்துட்டுப் போற அந்த ஒரு நொடியில ஈர மணல்ல மேல வர்ற குட்டி நண்டு, புழுவ எடுக்குது. கூடு வைக்கறது வட துருவத்து ஓரம், சைபீரியாவோட வட கோடி மாதிரி எடத்துல. அங்கேந்து நம்ம கெடிலம் கடல்ல சேர்ற எடம் வரைக்கும் வந்துருக்கு, திரும்ப ஏப்ரல், மே மாசத்துல போகணும். போறதுக்கு வேண்டிய கொழுப்ப இங்கதான் சேக்கணும்.

அதனால நீங்க ஓடறப்ப ஒரு பத்தடி மேல, காஞ்ச மணல் பக்கம் ஏறி வளைஞ்சு போயிடுங்க. காஞ்ச மணல்ல ஓடறது கஷ்டம், மூச்சு வாங்கும், ஆனா அதுல பழகிட்டா கிரவுண்ட்ல ஓடறது உங்களுக்கு சாதாரணமா இருக்கும். ஒவ்வொரு தடவ எழும்பறப்பவும் அதுக்கு அன்னிக்கு சேத்ததுல கொஞ்சம் போயிடுது. பீச்சுக்கு நாய கூட்டியாந்து இதுங்க மேல ஏவி விட்டு வீடியோ எடுக்கறவங்கள பாத்தா எனக்கு ரொம்ப கோவம் வரும். உங்கள மாதிரி பசங்க சொன்னா கேப்பாங்க, சொல்லுங்க.

வளையம் போட்டது ஆராய்ச்சி பண்றவங்க. நம்ம நாட்டுல பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி, பறவையியலாளர் சாலிம் அலி காலத்துலேந்து, 1959-லேந்து இத பெரிய அளவுல செய்யறாங்க. கோடியக்கரையில எத்தனையோ ஆயிரம் பறவைக்கு போட்டுருக்காங்க. சிலதுக்கு எழுத்து போட்ட கலர் பட்டையும் இருக்கும். பிடிக்கப் போகாதீங்க, தூரத்துலேந்து ஜூம் பண்ணி படம் எடுத்து எந்தக் கால், என்ன கலர், எழுத்து தெரிஞ்சா என்ன எழுத்து, எந்த தேதி, எந்த எடம்னு அவங்களுக்கு அனுப்புங்க. அந்த ஒரு படத்தால அது எங்கேந்து கெளம்புச்சு, எத்தன நாளாச்சுன்னு தெரிய வரலாம். செலக்‌ஷன்ல ஜெயிச்சதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க.

காலைல மஞ்சக்குப்பம் மைதானத்த சுத்தி நடக்கறேன். ஒரே ஒரு காக்கா என்ன மட்டும் பின்னாடிலேந்து வந்து மண்டயில தட்டுது. கூட வர்றவங்கள ஒண்ணும் செய்யல. சனி தோஷம்னு வீட்டுல பரிகாரம் பண்ண சொல்றாங்க.
வாசகர், கடலூர்

பரிகாரம் உங்க நம்பிக்க, அதுல நான் தலையிடல. காக்கா தட்டறதுக்கு காரணம் மேல மரத்துல கூடு இருக்கும், இல்லன்னா குஞ்சு கீழ விழுந்து எங்கயாச்சும் உக்காந்துருக்கும். உங்கள மட்டும் ஏன்னா, எப்பவாச்சும் அந்தப் பக்கம் கை வீசி நடந்துருப்பீங்க, குச்சி வச்சுருந்துருப்பீங்க, குஞ்சு பக்கம் போயிருப்பீங்க. மொகத்த ஞாபகம் வச்சுக்கும். அமெரிக்காவுல சியாட்டில் ஊருல ஆராய்ச்சிக்காரங்க ஒரு முகமூடி போட்டு காக்காவ பிடிச்சு விட்டாங்க, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அந்த முகமூடிய யாரு போட்டு வந்தாலும் காக்காங்க கூட்டமா கத்தி வெரட்டுச்சு. அது வேற வகை காக்கா, நம்ம காக்காவும் அறிவுல கொறஞ்சது இல்ல. கொஞ்ச நாள் குடை பிடிச்சுக்கங்க, இல்ல எதிர்ப்பக்கமா சுத்துங்க. கல்லு மட்டும் விட்டுடாதீங்க, அப்புறம் அந்த ஏரியா காக்கா எல்லாம் உங்கள தெரிஞ்சு வச்சுக்கும்.

நைட் டூட்டி முடிச்சு விடியறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் நடந்துட்டு வீட்டுக்குப் போறது பழக்கம். திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு பழைய கட்டடத்துக்கிட்ட மொகம் வெள்ளையா, ஆப்பிள வெட்டுன மாதிரி இருக்கற பறவை சத்தமே இல்லாம தலைக்கு மேல போச்சு. ஒடம்பெல்லாம் ஆடிடுச்சு. அம்மா கெட்ட சகுனம்னு அந்த வழியே போவாதங்கறாங்க.
வாசகர், கடலூர்

அது கூகை. பயந்தது தப்பே இல்ல, அந்த நேரத்துல அப்படி ஒண்ணு போனா யாருக்கும் தூக்கி வாரிப் போடும். சத்தம் வராததுக்குக் காரணம் அதோட றெக்க ஓரம் சீப்பு மாதிரி பல்லு பல்லா, மேல வெல்வெட் மாதிரி இருக்கும், காத்த கிழிக்காம வழுக்கிட்டுப் போகும். மொகம் வட்டமா இருக்கறது சத்தத்த சேத்து காதுக்கு அனுப்பறதுக்கு. ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்காது, ஒண்ணு மேல ஒண்ணு கீழ, அதனால கும்மிருட்டுல எலி ஓடற சத்தத்த வச்சே எங்க இருக்குன்னு பிடிச்சுடும். அம்மாகிட்ட சொல்லுங்க, நெல்லு மூட்ட அடுக்குன வீட்டுக்கு அது மாதிரி காவல் வேற கெடையாது, குஞ்சு இருக்கற காலத்துல ஒரு ராத்திரிக்கு பல எலிய தூக்கிட்டு வரும். தீபாவளி சமயத்துல மாந்திரீகம்னு சொல்லி இதுங்கள பிடிச்சு விக்கறவங்க இருக்காங்க, அப்படி யாராச்சும் அந்தக் கட்டடத்துப் பக்கம் வலையோட வந்தா உடனே வனத்துறைக்கு சொல்லுங்க. வழிய மாத்த வேணாம்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கர கடந்து ரெண்டு நாள் கழிச்சு வீராம்பட்டினம் கடற்கரையில நடக்கப் போனோம். குப்ப, மரக்கட்ட, வலைத் துண்டுக்கு நடுவுல ஒரு பறவை, மேல கருப்பு, கீழ வெள்ள, நெத்தி வெள்ள, வால் கத்திரி மாதிரி. நிக்கவே முடியல. கடல் பறவைதானேன்னு தூக்கிட்டுப் போய் அலைக்கு அந்தப் பக்கம் விட்டோம். முழுகிடுச்சு. இத்தன நாளா யார்கிட்டயும் சொல்லல, மனசு கேக்கல.
வாசகி, அரியாங்குப்பம்

எழுதுனதுக்கு நன்றிம்மா. நீங்க சொன்ன அடையாளம் எல்லாம் நடுக்கடல்ல வாழற கருமுதுகு ஆலாவுக்குப் பொருந்துது. அது கரைக்கு வர்றது கூடு வைக்க மட்டும்தான், லட்சத்தீவுல பிட்டின்னு ஒரு ஆளில்லாத மணல் தீவு இருக்கு, அந்த மாதிரி எடத்துல. மத்த நேரமெல்லாம் காத்துலயே இருக்கும். இதுல யாரும் எதிர்பாக்காத விஷயம், இந்தக் கடல் பறவையோட றெக்கையில வாத்துக்கு இருக்கற மாதிரி எண்ணெய்ப் பச கெடையாது. தண்ணியில ரொம்ப நேரம் உக்காந்தா நனஞ்சு பாரமாயிடும், மீனக்கூட பறந்துக்கிட்டே மேலாப்புல கொத்தித்தான் எடுக்கும். புயல் ரெண்டு மூணு நாள் காத்துல அடிச்சு அலக்கழிச்சு கரையில போட்டுருக்கு, அது வேண்டி நின்னது காஞ்ச எடமும் ஓய்வும். உங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வழியே இல்ல, கடல் பறவைய கடல்ல விடணும்னுதான் யாருக்கும் தோணும், எனக்கும் முன்னாடி அப்படித்தான் தோணிருக்கும்.

படிக்கற எல்லாருக்கும் சொல்றேன், நம்ம கரை புயல் பாக்காத கரையில்ல, 2011 டிசம்பர் 30 'தானே' புயல் நம்ம புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுலதான் ஏறுச்சு. இனியும் வரும். புயலுக்கு அடுத்த நாலஞ்சு நாள் கடற்கரையில இந்த மாதிரி பறவை கெடந்தா தண்ணியில விடாதீங்க, அட்டப்பொட்டி, துணி, இருட்டு, வனத்துறை. அலகு கூர்மையா இருக்கும், துண்டு போட்டு எடுங்க, கண்ணுக்கு நேரா பிடிக்காதீங்க.

ஊசுடு ஏரி பக்கம் ஞாயித்துக்கெழம சைக்கிள்ல போவோம். தாமர இலை மேல நீள வாலோட ஒரு பறவை நடந்து போச்சு, பின்னாடியே குட்டி குட்டியா மூணு குஞ்சு. இலை முழுகவே இல்ல. அம்மாக்காரி எவ்ளோ பொறுப்பா கூட்டிட்டுப் போகுது பாத்தீங்களா!
வாசகர், வில்லியனூர்

நீளவால் இலைக்கோழி. வெரல் அவ்ளோ நீளம், அதனால பாரம் பரவி இலை தாங்குது. ஆனா அது அம்மாக்காரி இல்ல, அப்பா. இதுங்கள்ல பொம்பள முட்ட போட்டுட்டு அடுத்த ஜோடி தேடிப் போயிடும், அட காக்கறது, குஞ்சு வளக்கறது எல்லாம் ஆம்பளதான். பாத்தது நல்ல எடம், கரையிலேந்தே பாருங்க, படத்துக்காக தாமரக்குள்ள எறங்காதீங்க.

யுனிவர்சிட்டி பக்கம் காலைல நடக்கறப்ப மயில் ரோட்டுலயே வருது. பொரி கொண்டு போய் போடலாமா?
வாசகி, காலாப்பட்டு

வேணாம்மா. ரோட்டோரம் சாப்பாடு கெடைக்கும்னு பழகுனா வண்டியில அடிபடும், நாய் பிடிக்கும்.

பறவை பேரே தெரியல, போன்ல பாத்து கண்டுபிடிக்க வழி இருக்கா?
வாசகர், நெல்லித்தோப்பு

மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, காசு கெடையாது, சத்தத்த கேக்க வச்சாலே என்ன பறவைன்னு சொல்லும், சில நேரம் தப்பாவும் சொல்லும், அதனால கண்ணால பாத்து ஒத்துப் பாருங்க. பாத்தத இபேர்ட்னு பறவை பதிவு பண்ற தளத்துல எடம், தேதி, நேரத்தோட போட்டு வைங்க. தமிழ்நாட்டுல 2015-லேந்து பொங்கல் லீவுல பறவை கணக்கெடுப்பு நடக்குது, பதினஞ்சு நிமிஷம் ஒரு எடத்துல நின்னு எண்ணுனா போதும், அதுக்குள்ள காக்கா, மைனா, புறா பேராச்சும் எழுதப் பழகிடுவீங்க.

நானும் அந்த ஆறுமணிக்குருவிய ஒரு தடவயாச்சும் பாக்கணும் அக்கா. எங்க போகணும்?
வாசகி, ரெட்டியார்பாளையம்

தேடிப் போய் பாக்கறத விட காது குடுத்தா சுலபம். உங்க பக்கத்துல பெரிய மரமும் கூட்டாத சருகும் இருக்கற தோப்பு, பள்ளிக்கூடத்து பின்பக்கம், பழைய வீட்டுக் கொல்ல எதுன்னு பாத்து வைங்க. வெளிச்சம் வர்றதுக்கு பத்து நிமிஷம் முன்ன போய் சும்மா நில்லுங்க, நடக்க வேணாம், போன் சைலன்ட்ல இருக்கட்டும். ரெண்டு சுருதியில ஒரு விசில் கேக்கும், மேல பாக்காதீங்க, தரைய பாருங்க. சருகு ஒண்ணு தானா பொரளும். அங்கதான் இருக்கு. மார்ச், ஏப்ரல்ல வடக்க கெளம்பிடும், அதுக்குள்ள போயிட்டு வந்து எழுதுங்க.